கிளி அல்லாத சோலைக்கிளி: கோத்தகிரியிலிருந்து கொடைக்கானல் வரை

முதல் நாள்: மேட்டுப்பாளையம் – கோத்தகிரி

காலை ஆறரை மணிக்கு மேட்டுப்பாளையத்தில் புறப்பட்ட அரசுப் பேருந்து மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும், கோவையில் ஒரு வாரமாக உடம்பை விட்டு நீங்காதிருந்த மே மாத வெக்கை வளைவுக்கு வளைவு கழன்றுகொண்டே வந்தது. சொந்த வாகனத்தில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்பவர்கள் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. பேருந்தில் செல்பவருக்கு அந்தக் கவலை இல்லை. பறவை பார்ப்பதற்கென்று மலையேறுபவருக்குப் பேருந்தே நல்லது என்பது என் பழைய எண்ணம். ஊர் ஊராக நின்று செல்வதால், மரங்கள் எந்த இடத்தில் மாறத் தொடங்குகின்றன என்பதையாவது பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு பறவையைத்தான் தேடப்போகிறேன். ஆங்கில நூல்கள் நெடுங்காலம் இதைக் 'குட்டைச் சிறகன்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தன. பிறகு சில ஆண்டுகள் 'நீல ராபின்' என்றன. 2017-இல் இதன் பேரினத்துக்கே 'ஷோலிகோலா' என்று புதுப்பெயர் சூட்டி, பொதுப்பெயராகச் 'சோலைக்கிளி'யை வைத்தார்கள். நம் மொழியின் 'சோலை' என்ற சொல்லும், வாழ்வது என்று பொருள்படும் இலத்தீன் ஈறும் சேர்ந்ததே அந்தப் பேரினப் பெயர். அறிவியல் பெயரில் தமிழ்ச் சொல்லைக் காண்பது மகிழ்ச்சிதான். ஆனால் பொதுப்பெயரில் தமிழருக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. மலையாளத்தில் 'கிளி' என்றால் சிறு பறவை எதையும் குறிக்கும். நமக்கோ கிளி என்றால் பச்சை நிறமும் வளைந்த அலகும் உடையது ஒன்றே. கோத்தகிரி பேருந்து நிலையத்துக்கு எதிரே தேநீர் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் சோலைக்கிளி பார்க்க வந்திருப்பதாகச் சொன்னபோது, "கிளியெல்லாம் கீழேயே நிறைய இருக்குமே தம்பி, அதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க?" என்று அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை.

மாலை வனத்துறை அனுமதிக்கான வேலைகள் முடிந்தன. வேறு எழுத ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள்: லாங்வுட் சோலை

கோத்தகிரிக்கு அருகிலுள்ள லாங்வுட் சோலையின் பரப்பு 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் ஊர்களும் நெருக்கி நிற்க, நடுவே ஒரு பழைய காடு எஞ்சியிருக்கிறது. இதிலிருந்து வழியும் நீரைக் கீழேயுள்ள ஊர்கள் குடிக்கின்றன. காடு தப்பியதில் அந்த நீருக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு நுழைந்தோம். உடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் இந்தப் பக்கத்துப் படகர். என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணா என்றும், எவ்வளவு சொல்லியும் கேளாமல் அவர் என்னைச் சார் என்றும் அழைத்துக்கொண்டோம். அட்டைகளுக்காகக் காலுறையின் மேல் மூக்குப்பொடியைத் தடவிக்கொள்ளச் சொன்னார். சோலைக்குள் வெளிச்சம் மிகவும் தாமதமாகவே வருகிறது. மேலே நாவல் இனத்து மரங்களும் காட்டுச் செண்பகமும் கிளைகளைக் கோத்துக் கூரை வேய்ந்திருக்கின்றன; கிளைகள் எல்லாவற்றிலும் பாசி தொங்குகிறது; கீழே இடுப்பளவு குறிஞ்சி இனப் புதர்கள், அவற்றுக்கும் கீழே மக்கிய இலைகள். நாங்கள் தேடிய பறவையின் உலகம் இந்தக் கடைசி இரண்டு அடுக்குகளுக்குள் அடங்கிவிடுகிறது. மரத்தின் உச்சியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர் அதை ஒருநாளும் காணமாட்டார்.

முதலில் காதில்தான் விழுந்தது. மிக உயர்ந்த தொனியில், ஊசிபோல மெல்லிய சீழ்க்கைகள் மூன்று நான்கு, இடையில் கண்ணாடியில் நகம் கீறியதுபோல ஒரு கரகரப்பு, மீண்டும் சீழ்க்கை. பாடும் இடம் பத்தடி தூரம் என்று தோன்றியது, ஆனால் அங்கே ஒன்றும் இல்லை. கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் வெளியே வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். கூடு கட்டும் காலத்தில் எல்லைக்குள் அந்நியன் வந்துவிட்டதாக எண்ணி அது அலைக்கழிந்துபோகும் என்பதால், நான் அதைச் செய்வதில்லை. ஒரு சாய்ந்த மரத்தின் மேல் உட்கார்ந்து நாற்பது நிமிடம் அசையாமல் இருந்தோம். அந்த நாற்பது நிமிடத்தில் அட்டைகள் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தன.

பிறகு இலைச் சருகின் மேல் ஒரு நிழல் குதித்தது. நீண்ட கால்கள், உருண்ட உடல், குட்டையான சிறகுகள். தலை முதல் வால் வரை 15 சென்டிமீட்டருக்குள் இருக்கும். இரண்டு தாவல், ஒரு நிறுத்தம், அலகால் ஓர் இலையைப் புரட்டல், மீண்டும் இரண்டு தாவல். முதுகும் தலையும் மார்பும் கரும்பலகையின் நிறத்தில் நீலம் கலந்திருந்தன. கண்ணுக்கு முன்னால் கருமை, அதன் மேல் நூல் போல ஒரு வெளிர் புருவம். திரும்பியபோதுதான் உறுதியாயிற்று: விலாவிலும் அடிவாலை ஒட்டிய பகுதியிலும் செங்கல் நிறம், வயிற்றின் நடுவில் மட்டும் வெள்ளை. நீலகிரி சோலைக்கிளி.

இந்தச் செங்கல் நிற விலாதான் அடையாளத்தின் மையம். நிறத்தை மட்டும் நம்பி ஏமாறுவதற்கும் இந்த மலையில் வாய்ப்பு உண்டு. குளிர்காலத்தில் இமயமலையிலிருந்து வரும் இந்திய நீல ராபின் என்ற வேறோர் இனத்தின் ஆண் பறவைக்கும் நீல முதுகு, வெண்புருவம், செம்மஞ்சள் அடிப்பகுதி எல்லாம் உண்டு. அதுவும் தரையில்தான் தாவும். ஆனால் அதன் வெண்புருவம் எட்ட நின்றே தெரியுமளவு தடித்தது, மார்பு முழுவதும் செம்மஞ்சள். தவிரவும், மே மாதத்தில் அது இங்கே இருப்பதில்லை, தன் இமயமலைக் கூட்டுக்குத் திரும்பியிருக்கும். நாட்காட்டியும் ஒரு அடையாள நூல் என்பதை இதுபோன்ற இடங்களில்தான் உணர்கிறோம்.

மாலை அறையில் இதன் பெயர் வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1844-இல் இதை முதலில் விவரித்தார். அதன் பின் வந்தவர்கள் கால்களையும் சிறகுகளையும் அளந்து ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2017-இல் வி. வி. ராபினும் அவருடைய குழுவினரும் மரபணுக்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வுதான் அந்த அலைச்சலை நிறுத்தியது. தரையில் தாவும் ராபின்களுக்கும் குட்டைச் சிறகன்களுக்கும் இது நெருங்கிய உறவு இல்லை. மரக்கிளையிலிருந்து பறந்து பூச்சி பிடிக்கும் நீல ஈப்பிடிப்பான்களுக்குத்தான் உறவு. வெளித்தோற்றத்தை வைத்து உறவு சொல்வதில் மனிதர்களிடமே தவறிவிடுகிறோம், பறவை எம்மாத்திரம்.

மூன்றாம் நாள்: லாங்வுட் சோலை, மீண்டும்

இன்று ஒரு கூட்டைக் கண்டோம் என்று காலை ஒன்பது மணிக்குக் குறிப்பேட்டில் எழுதி, ஒன்பதே காலுக்கு அடித்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காட்டின் ஓரத்தில் பாதைக்காக வெட்டிய மண்சரிவு ஒன்று ஆளுயரத்துக்கு நிற்கிறது. அதன் பாசி படர்ந்த பொந்தொன்றில், சுற்றியிருந்த பாசியோடு வேறுபாடே தெரியாதபடி ஒரு பாசிக் கிண்ணம் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நீலப் பறவை அதிலிருந்து வெளியேறியது. சோலைக்கிளி மண்சரிவுப் பொந்துகளிலும் மரத்தின் குழிகளிலும் பாசியும் வேர்நாரும் கொண்டு கூடு கட்டும் என்று படித்திருந்த எனக்கு, இடம், பொருள், நிறம் எல்லாமே பொருந்திவிட்டன. அண்ணா மட்டும், "அது மேல போய் உக்காருது பாருங்க சார்" என்றார். உண்மைதான். வெளியேறிய பறவை புதருக்குள் இறங்கவில்லை. உயரத்தில் திறந்த கிளையொன்றில் நிமிர்ந்து உட்கார்ந்து, பறந்து ஒரு பூச்சியைப் பிடித்து, அதே கிளைக்குத் திரும்பியது. வாலின் அடியில் இருபுறமும் சிறு வெள்ளைத் திட்டுகள். அது நீலகிரி ஈப்பிடிப்பான்.

இரண்டும் உறவுக்காரப் பறவைகள் என்பதை நேற்றிரவுதான் படித்திருந்தேன்; அந்த உறவு கூட்டிலும் இருப்பதை இன்று நேரில் கண்டேன். இரண்டுமே மண்சரிவுப் பொந்தில் பாசிக் கூடு வைக்கும். இரண்டும் மழைக்கு முந்தைய மாதங்களில்தான் குஞ்சு பொரிக்கும். முட்டையைப் பார்த்தால் வேறுபாடு தெரியும் என்று நூல்கள் சொல்கின்றன: ஈப்பிடிப்பானின் முட்டை வெளிறிய நிறத்தில் செம்பழுப்புப் பொடிகள் தூவியது, சோலைக்கிளியுடையது சாம்பல் கலந்த பச்சையில் பழுப்புக் கறை படிந்தது. ஆனால் அந்த அறிவெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூடுகளைக் கலைத்து முட்டைகளை எடுத்துச் சேர்த்தவர்கள் வழியாக வந்தது. பின்னாளில் காங்கிரஸ் கட்சி தோன்றக் காரணமாக இருந்த ஏ. ஓ. ஹியூம், இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றித் தனி நூலே தொகுத்தவர். நாடெங்கிலும் இருந்த அதிகாரிகள் அவருக்குக் குறிப்புகளும் முட்டைகளும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இன்று அந்த வழி சட்டப்படியும் தவறு, தேவையும் இல்லை. கூட்டின் சொந்தக்காரர் யார் என்று அறிய, எட்ட நின்று, யார் வந்து போகிறார் என்று பார்த்தாலே போதும்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அப்படித்தான் சோலைக்கிளியின் கூட்டை அறிந்தோம். இருபது தப்படி தூரத்தில் ஒரு மூத்த நாவல் மரத்தின் வேர்கள் மண்ணைவிட்டு எழுந்து, அவற்றுக்கிடையே முழங்கால் உயரத்தில் ஒரு குழி இருந்தது. அந்தக் குழியை நாங்கள் கவனிக்கவே இல்லை; அதற்கு முன்னால் தரையில் ஒரு சோலைக்கிளி, அலகில் மீசைபோல இருபுறமும் தொங்கும் மெல்லிய வேர்நாருடன் நின்றதைத்தான் கண்டோம். நேராகக் குழிக்குப் பறக்காமல் ஆறேழு அடி தள்ளி இறங்கி, தாவித் தாவி அருகில் வந்து, தலையைச் சாய்த்து அசையாமல் நின்று, பிறகு சட்டென்று உள்ளே மறைந்தது. அரை நிமிடத்தில் வெறும் அலகோடு வெளியே வந்து, வந்த வழியே போகாமல் மறுபுறப் புதரில் புகுந்தது. அடுத்த முக்கால் மணி நேரத்தில் நான்கு முறை நார் வந்தது, ஒரு முறை பாசி. ஒவ்வொரு முறையும் அதே தள்ளி இறங்கல், அதே தயக்கம், அதே மறைவான வெளியேற்றம். கூட்டைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்கு இந்தப் பறவை செலவழிக்கும் நேரம், கூட்டைக் கட்டுவதற்குச் செலவழிக்கும் நேரத்தைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

வேலை செய்தது ஆணா பெண்ணா என்று கேட்டால், தெரியாது என்பதே நேர்மையான பதில். இரண்டுக்கும் ஒரே நிறம். வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை. ஒரு முறை உள்ளே இருந்து பாசியை ஒழுங்குபடுத்தும் சலசலப்பு கேட்டபோது, சற்றுத் தொலைவில் இன்னொன்று பாடிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் எழுதிக்கொண்டேன்.

இந்தப் பறவை ஈடு ஒன்றுக்குப் பெரும்பாலும் இரண்டே முட்டைகள் இடுகிறது. நம் வீட்டுச் சிட்டுக்குருவி நான்கு ஐந்து இடுகிறது, குளிர்நாட்டுப் பட்டாணிக்குருவிகள் பத்துக்கூட இடுகின்றன என்பதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்ணிக்கை. வெப்ப மண்டலக் காட்டுப் பறவைகளில் இது பரவலாகக் காணப்படும் போக்குதான்: வளர்ந்த பறவை ஒரே இடத்தில் பல ஆண்டுகள் வாழும், கூட்டைக் காலி செய்ய எலியும் பாம்பும் அணிலும் காத்திருக்கும், ஒரே கூட்டில் எல்லாவற்றையும் வைக்காமல் ஆண்டுக்குச் சிறிது என்று பிழைப்பதே அதற்குக் கட்டுப்படியாகும். ஆனால் இதே காரணத்தால், காடு குறைந்தால் எண்ணிக்கையை விரைவாக மீட்டெடுக்கவும் இதனால் முடியாது. அழியும் அபாயத்தில் உள்ள இனமாக இதைப் பன்னாட்டுச் செம்பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் புதரொன்றில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், கோரை இலைகளைச் சுற்றிச் சுற்றிப் பந்துபோல அமைத்து, பக்கவாட்டில் வாசல் வைத்த ஒரு கூட்டைக் காவலர் தூரத்திலிருந்து காட்டினார். அது கருப்பும் ஆரஞ்சும் கலந்த ஈப்பிடிப்பானுடையது; அதற்கும் இரண்டு முட்டைகள்தான். ஒரே காடு, ஒரே மழை, ஒரே எதிரிகள். ஒருவர் குழியைத் தேடுகிறார், இன்னொருவர் குழியைத் தானே பின்னிக்கொள்கிறார்.

கூடு இருக்கும் மரத்தின் இடத்தை இங்கே இதற்கு மேல் விவரிக்கப்போவதில்லை. படமும் எடுக்கவில்லை.

நான்காம் நாள்: உதகை

காலையில் கெய்ர்ன் ஹில் காட்டில் இரண்டு மணி நேரம். நட்டு வளர்த்த ஊசியிலை மரங்களின் கீழே தரை துடைத்ததுபோல வெறுமையாக இருக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. அவற்றுக்கிடையே சோலை மரங்களும் அடர்ந்த புதரும் எஞ்சியிருக்கும் பள்ளத்துக்கு வந்ததும் சீழ்க்கை கேட்டது, ஒருமுறை முதுகும் தெரிந்தது. இந்தப் பறவைக்கு வேண்டியது மரங்களின் எண்ணிக்கை அன்று, புரட்டுவதற்குச் சருகும் மறைவதற்குப் புதரும். நூறாண்டுகளுக்கு மேலாகச் சீகை, கற்பூர மரம், பைன் என்று நட்டு 'பசுமை' ஆக்கப்பட்ட மலையில் இது ஏன் அருகிவிட்டது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பத்து மணிக்குப் பிடித்த மழை மாலைவரை விடவில்லை.

ஐந்தாம் நாள்: கணவாயின் குறுக்கே

உதகையிலிருந்து கோவைக்கு இறங்கி, பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகக் கொடைக்கானல். பறவை பார்க்காத நாள் என்று இதைச் சொல்லமாட்டேன். இந்தப் பயணத்தின் மிக முக்கியமான அடையாளக் குறிப்பு இன்று பேருந்து சன்னலுக்கு வெளியேதான் இருந்தது.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30, 40 கிலோமீட்டருக்கு அறுந்து கிடக்கிறது. அந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்க்கிறது, உடுமலை வழியெங்கும் நிற்கும் காற்றாலைகளைச் சுற்றுகிறது. பொள்ளாச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. சோலைக்கிளிகளோ பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேல்தான் வாழ்கின்றன. குட்டைச் சிறகோடு புதர்விட்டுப் புதர் தாவும் பறவைக்கு இந்தச் சமவெளி ஒரு கடலுக்குச் சமம். மலையுச்சிகளை 'வானத் தீவுகள்' என்று ஆய்வாளர்கள் அழைப்பது, குளிரூட்டப்படாத பேருந்தில் உச்சி வெயிலில் இந்தக் கடலைக் கடக்கும்போது நன்றாகவே புரிகிறது.

கணவாய்க்கு வடக்கே நீலகிரி சோலைக்கிளி. தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இன்னும் தெற்கே, செங்கோட்டைக் கணவாயையும் தாண்டி அகத்திய மலையில் இருப்பது, 2017-இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட அசம்பு சோலைக்கிளி. ராபின், அனிந்தியா சின்ஹா, உமா ராமகிருஷ்ணன் மூவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மரபணு வேறுபாடு எங்கே ஆழமாக இருக்கிறது என்று பார்த்தபோது, அது இந்தப் பழைய கணவாய்களோடு பொருந்தி நின்றது. ஆகவே சோலைக்கிளியைக் கண்டவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது அதன் நிறம் என்ன என்பது அன்று; தாம் எந்த மலையில் நிற்கிறோம் என்பது.

பழனியிலிருந்து 64 கிலோமீட்டர் ஏற்றம். இரவு எட்டு மணிக்குக் கொடைக்கானல்.

ஆறாம் நாள்: பாம்பே சோலை, கொடைக்கானல்

ஊருக்கு இவ்வளவு அருகில் இப்படி ஒரு காடு இருப்பதை விடுதியில் இருந்தவர்கள் பலர் அறிந்திருக்கவில்லை. விடியலில் பழனி மலைச் சிரிப்பான்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. இந்த மலைகளில் பறவைகளைச் சேகரித்த அமெரிக்க மறைப்பணியாளர் ஃபேர்பேங்க் பெயரை அதன் அறிவியல் பெயர் இன்றும் சுமக்கிறது. அதை விவரித்த பிளான்ஃபோர்டுதான் 1868-இல் வெண்வயிற்றுச் சோலைக்கிளியையும் விவரித்தவர்.

அது ஆறரை மணிக்குப் பாடியது. கோத்தகிரியில் கேட்டதன் சாயல் இருந்தாலும் அதுவே அன்று. சீழ்க்கைகள் நீண்டு, ஏறி இறங்கி, வேறு பறவைகளின் குரலும் நடுவே கலந்ததுபோல எனக்குக் கேட்டது. நெடுங்காலமாகப் பிரிந்து வாழும் கூட்டங்களின் பாட்டு மாறுபட்டிருப்பதை ஒலிப்பதிவுகளை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டையும் கேட்டவருக்கு அளவுகோல் இல்லாமலேயே அது தெரிகிறது. ஓடைக் கரையில் தரைக்கு இறங்கியபோது பார்த்தேன்: அதே உருண்டை உடல், அதே நீண்ட கால், அதே புருவம். ஆனால் விலாவில் செங்கல் நிறம் துளியும் இல்லை. அங்கே நீலச் சாம்பல், வயிற்றில் தூய வெள்ளை. மலையின் கீழ்ச்சரிவுகளில் காணப்படும் வெள்ளை வயிற்று நீல ஈப்பிடிப்பானுக்கும் ஏறத்தாழ இதே நிறப் பங்கீடுதான். ஆனால் அது கிளையில் நிமிர்ந்து உட்காரும், இத்தனை உயரத்துக்கு வருவதும் அரிது.

எட்டு மணியளவில் கடைசியாக ஒரு புதிர். சருகின் மேல் நீலமே இல்லாத, உடல் முழுவதும் மங்கலான மஞ்சட்பழுப்புப் புள்ளிகள் இட்ட ஒரு சிறு பறவை, வால் இன்னும் முழுதாக வளராமல், அசையாமல் நின்றது. நிறத்தை வைத்து எந்த நூலிலும் அதைத் தேடியிருக்க முடியாது. காலின் நீளமும் சிறகின் குட்டையும் மட்டுமே சொந்தம் சொல்லின. பிறகு புதருக்குள்ளிருந்து வளர்ந்த சோலைக்கிளி ஒன்று வந்து அதன் திறந்த வாயில் ஒரு புழுவைத் திணித்துவிட்டு, சிறு கரகரப்போடு அதை உள்ளே அழைத்துச் சென்றது. இந்த ஆண்டின் ஈடு. ஏப்ரலிலேயே கட்டிய கூடாக இருக்க வேண்டும்.

குறிப்பேட்டில் இனம், நேரம், உயரம் எழுதி, எண்ணிக்கை இரண்டு என்று போட்டேன். கூடு இருக்கும் இடம் என்ற கட்டத்தை, கோத்தகிரிப் பக்கத்தில் செய்ததுபோலவே, வெறுமையாக விட்டிருக்கிறேன். பதினொரு மணிக்கு வத்தலக்குண்டு பேருந்து.